சிக்னலில் நின்றால் ஏசி சூடாக ஊதுகிறது: கம்ப்ரஸரை மாற்றும் முன்

வள்ளியூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, 2015 மாடல் சின்ன பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். நான்குவழிச் சாலையில் போகும்போது ஏசி ஓரளவு குளிர்கிறது. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைக்குள் நுழைந்து நெரிசலில் நின்றதும் வெறும் காற்றுதான் வருகிறது. பங்குனியில் கேஸ் அடித்தேன், சித்திரை முடிவதற்குள் பழையபடி ஆகிவிட்டது. மறுபடியும் அடித்தேன், அதுவும் நிற்கவில்லை. இப்போது போன கடையில் கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்றினால்தான் ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா?"

தம்பி, இப்போதைக்குக் கம்ப்ரஸரில், அதாவது ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடுகிற பம்பில், கைவைக்க விடாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. கேஸ் அடித்ததும் குளிர்ந்து, சில வாரத்தில் குறைந்துவிட்டது என்றால் கேஸ் எங்கேயோ வெளியே போகிறது. பெட்ரோல் எரிந்து தீரும்; ஏசி கேஸ் தீராது, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும். கசிவு இல்லாத வண்டியில் ஏழெட்டு வருஷம் அதே கேஸ் ஓடும். இரண்டாவது, ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது சூடாகிறது. ஓடும்போது முன்பக்கம் மோதுகிற காற்று செய்யும் வேலையை, நிற்கும்போது ஃபேன் செய்ய வேண்டும். அது நடக்கவில்லை போலிருக்கிறது. ஆக என் முதல் சந்தேகம் கண்டென்சர் மேலும் (ரேடியேட்டருக்கு முன்னால் நின்று, கேஸின் வெப்பத்தை வெளியே தள்ளுகிற தகட்டுச் சட்டம்) அதன் ஃபேன் மேலும்தான். கண்டென்சரே கசிந்துகொண்டும் அடைபட்டும் இருந்தால் உங்கள் இரண்டு குறையும் ஒரே இடத்தில் முடிந்துவிடும்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கம்ப்ரஸர் தளர்ந்திருந்தாலும் ஐடிலில் குளிராது, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் குளிரும். அதனால் கடைக்காரர் சொன்னது நடக்கவே நடக்காத விஷயம் இல்லை. ஆனால் இது எது, அது எது என்று பிரித்துப் பார்க்க உங்கள் வீட்டு வாசலே போதும்.

உச்சி வெயிலில் செய்யுங்கள். சாயங்காலம் செய்தால் குறை ஒளிந்துகொள்ளும். வண்டியை வெயிலில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஐடிலில் விடுங்கள். ஏசி ஆன், ப்ளோயர் மூன்றாம் நம்பர், வெளிக்காற்றை மூடி உள்காற்றே சுற்றும்படி வையுங்கள். நடு வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகிப் பத்து நிமிஷம் ஓடவிடுங்கள். பிறகு தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ட்யூபை எடுத்து, முன் கிரில் வழியாகக் கண்டென்சர் முழுக்க நனையும்படி மெல்ல விடுங்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் வென்ட்டில் சூடு மளமளவென்று இறங்கினால் கம்ப்ரஸர் அழுத்தித் தருகிறது, கேஸும் ஓரளவு இருக்கிறது. உள்ளே எடுத்த வெப்பத்தை வெளியே தள்ளத்தான் வழியில்லை என்று அர்த்தம். தண்ணீர் விட்டும் அசையவில்லை, 2,000 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால்தான் குளிர்கிறது என்றால் கேஸ் குறைவாக இருக்கலாம், கம்ப்ரஸராகவும் இருக்கலாம். அந்த இரண்டையும் பிரிக்க, கேஸின் அழுத்தத்தைக் காட்டுகிற கேஜ் மாட்ட வேண்டும்.

போனட்டைத் திறந்து குனியும் முன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வைத்துவிடுங்கள். ஏசி ஓடும்போது ஃபேன் எந்த நொடியும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். பெல்ட்டும் பக்கத்திலேயே ஓடுகிறது. உள்ளே ஒல்லிக் குழாய், தடிக் குழாய் என்று இரண்டு வகை அலுமினியக் குழாய் ஓடும். தடிக் குழாய், டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கிற கூலிங் காயிலிலிருந்து திரும்புவது. நம் ஊர் ஈரக்காற்றில் அது கோலி சோடா பாட்டில் மாதிரி வேர்த்திருக்க வேண்டும். கம்ப்ரஸரிலிருந்து கண்டென்சருக்குப் போகிற குழாய் கையைச் சுடும், சும்மா பிடித்துப் பார்க்காதீர்கள். கண்டென்சரிலிருந்து வெளிவருகிற ஒல்லிக் குழாய் கதகதப்பாக இருக்கலாம். அதுவும் தொட முடியாத சூடு என்றால் கண்டென்சர் தன் வேலையைச் செய்யவில்லை.

ஃபேன் சுற்றுகிறது என்பது மட்டும் போதாது. ஏசியோடு எஞ்சின் ஓடும்போது கிரில்லுக்கு முன்னால் ஒரு தினத்தாள் துண்டைக் காட்டுங்கள். அது இழுபட்டுக் கண்டென்சரில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டார் கண்ணுக்குச் சுற்றுவது போலத் தெரியும், காகிதத்தைப் பிடிக்காது. ஒயரிங் வேலை பார்த்தவர் இணைப்பை மாற்றிக் கொடுத்து ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றினாலும் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். பல சின்ன கார்களில் ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் ஒரே ஃபேன்தான். அது தளர்ந்தால் நெரிசலில் எஞ்சின் சூட்டு முள்ளும் ஏறும்; முள் ஏறினால் எஞ்சினைக் காப்பாற்ற இசியூவே (வண்டியின் கம்ப்யூட்டர்) ஏசியை நிறுத்திவிடும். வண்ணாரப்பேட்டையில் நிற்கும்போது அந்த முள் எங்கே நிற்கிறது என்று ஒரு கண் பாருங்கள்.

நம் பக்கத்து வெயிலில் கண்டென்சர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆர்-134ஏ என்கிற ஏசி கேஸ் கூலிங் காயிலுக்குள் ஏறக்குறைய 0-லிருந்து 5 டிகிரியில் கொதித்து ஆவியாகும்போதுதான் காருக்குள் இருக்கிற வெப்பத்தை உறிஞ்சுகிறது. அந்த வெப்பத்தை வெளியே இறக்கி வைக்க, வெளிக்காற்றைவிட அது சூடாக இருந்தாக வேண்டும். வெளியே 38 டிகிரி, தார்ச்சாலைக்கு மேலே அதைவிடக் கூடுதல் என்றால் கண்டென்சருக்குள் 55, 60 டிகிரி. அதற்கு 200 முதல் 230 பி.எஸ்.ஐ அழுத்தம் வேண்டும். காற்றோட்டம் குறைந்தால் இது 300-ஐத் தாண்டும், கம்ப்ரஸர் முக்கி முனகும், குளிர் குறையும். எல்லை மீறி, பெரும்பாலான வண்டிகளில் 450 பி.எஸ்.ஐக்குப் பக்கத்தில், பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரையே நிறுத்திவிடும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது குறையே இல்லாமல் குளிர்கிற வண்டி, அதே நாள் ஆலங்குளம் தாண்டி வெயிலுக்குள் வந்ததும் மக்கர் செய்வது இதனால்தான்.

நம் வட்டாரத்தில் கண்டென்சர் கெடுவதற்கு உள்ளூர்க் காரணங்கள் உண்டு. ஆனி, ஆடியில் மேற்கே தென்காசிக்குச் சாரல் கிடைக்கும். கிழக்கே நமக்கு வறண்ட காற்றும் புழுதியும்தான். திசையன்விளைப் பக்கம் தேரி மண் பறந்து வந்து தகடுகளுக்கு நடுவே படியும். அறுவடை நேரத்தில் ரோட்டில் நெல் காயப்போட்ட இடங்களைக் கடந்தால் பதரும் தூசியும் உள்ளே போகும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள சந்தில் இது மெத்தையாக அமர்ந்துவிடும். முன்னால் நின்று பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும். மேல் பிராக்கெட்டைக் கழற்றி டார்ச் அடித்தால்தான் தெரியும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரணத் தண்ணீர் வேகத்தில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகப் பிடித்தால் மெல்லிய தகடெல்லாம் மடிந்து, இருந்த காற்று வழியும் அடைபடும்.

உப்புக்காற்று இதைவிடப் பொல்லாதது. உவரி, இடிந்தகரை, கூடங்குளம், தூத்துக்குடி என்று கடலோரம் ஓடுகிற வண்டிகளின் கண்டென்சரை இறக்கிப் பார்த்தால் கீழ் மூலையில் தகடு வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கும். விரலால் தொட்டால் உதிரும். அந்தப் பொடிக்கு அடியில்தான் குழாயில் ஊசிமுனை ஓட்டை. கண்டென்சரின் இரண்டு வாயையும் அடைத்து, நைட்ரஜன் ஏற்றித் தொட்டியில் முக்கினால், நூல் பிடித்த மாதிரி குமிழி ஒன்றன்பின் ஒன்றாக மேலே வரும். சில வாரத்தில் மொத்தக் கேஸையும் காலி செய்ய அந்த ஓட்டை போதும். வள்ளியூரிலிருந்து கடல் தூரமில்லை. நீங்கள் எந்தப் பக்கம் அதிகம் ஓடுகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கசிவு தேடும் வேலை கண்ணில் தொடங்குகிறது. கேஸ் தனியாக வெளியேறாது, கூடவே கம்ப்ரஸர் ஆயிலையும் கொஞ்சம் கொண்டுவரும். எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி ஒட்டி, கருத்த ஈரத் திட்டாகத் தெரியும். குழாய் இணைப்புகள், கண்டென்சர் ஓரங்கள், கம்ப்ரஸர் புல்லிக்குப் பின்னால் இருக்கிற ஷாஃப்ட் சீல், கேஸ் ஏற்றுகிற இரண்டு வால்வு ஆகியவற்றைப் பாருங்கள். அந்த வால்வு மூடிகள் தூசிக்காக மட்டும் இருப்பவை அல்ல, உள்ளே வாஷர் வைத்த அடைப்பு அவை. கேஸ் அடித்த பிறகு மூடி காணாமல் போன வண்டிகள் நிறைய வருகின்றன. வால்வு வாயில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்தால் தெரிந்துவிடும். உள்ளே இருக்கிற சின்ன பின்னை மாற்றினால் முடிந்தது.

கண்ணுக்குப் படவில்லை என்றால், மிச்சக் கேஸை மெஷினில் எடுத்துவிட்டு, ரெகுலேட்டர் வைத்து நைட்ரஜன் 150 பி.எஸ்.ஐ அளவுக்கு ஏற்றி, சோப்புத் தண்ணீர் போட்டுத் தேட வேண்டும். பஞ்சர் கடைக் காற்றை ஏற்ற விடாதீர்கள், அதில் ஈரம் இருக்கிறது. ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் அந்த இடத்தை விட்டே விலகிவிடுங்கள். உள்ளே எண்ணெய் இருக்கிறது, அழுத்த ஆக்ஸிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். டேஷ்போர்டுக்குள் இருக்கிற கூலிங் காயில் கசிவு மட்டும் நேரடியாகத் தெரியாது. காயில் தண்ணீர் வடிகிற குழாயின் வாயில் கேஸ் டிடெக்டரைக் காட்டிப் பார்க்கலாம். யூவி சாயம் போட்டு சில நாள் ஓட்டிய பின் அந்த வடிநீரில் நீல விளக்கடித்தும் பார்க்கலாம்.

வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்களின் கார்கள் நம் ஊர்களில் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும். ஓடாமல் நின்றால் ஷாஃப்ட் சீலில் எண்ணெய் படாமல் காய்ந்து, கேஸ் அந்த வழியே போய்விடும். வீட்டில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் ஏசியோடு எஞ்சினை ஓட்டினாலே இந்தச் செலவு வராது.

இனி கேஜ். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வண்டியை நிறுத்தி வைத்திருக்கும்போது கேஜில் 115 பி.எஸ்.ஐ காட்டி, "பாருங்க, கேஸ் ஃபுல்லா இருக்கு" என்பார்கள். 35 டிகிரி சூட்டில், உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கிற வரைக்கும் அந்த முள் 115-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். 150 கிராம் இருந்தாலும் அதே அளவு, 400 கிராம் இருந்தாலும் அதே அளவு. நின்ற வண்டியில் முள் சொல்வது வெளியே எவ்வளவு சூடு என்பதை. உள்ளே எத்தனை கிராம் என்பதை அல்ல. முள் இதைவிட ரொம்பக் கீழே இருந்தால் மட்டும் கேஸ் அநேகமாகக் காலி என்று சொல்லலாம்.

ஓடும்போது பார்ப்பதே கணக்கு. 1,500 ஆர்பிஎம்மில் லோ சைடு (கூலிங் காயில் பக்கத்து அழுத்தம்) 30-லிருந்து 45 பி.எஸ்.ஐ, ஹை சைடு (கண்டென்சர் பக்கத்து அழுத்தம்) நம் கோடையில் 200-லிருந்து 270 வரை இருந்தால் கவலை இல்லை. இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் கேஸ் அதிகம், அல்லது கண்டென்சருக்குக் காற்று இல்லை, அல்லது வாக்கம் போடாமல் (பம்ப் வைத்து உள்காற்றை உறிஞ்சி எடுக்காமல்) கேஸ் அடித்ததால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. லோ சைடு வெற்றிடத்துக்கே இறங்கினால், கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடுகிற எக்ஸ்பான்ஷன் வால்வோ ஈரத்தை உறிஞ்சுகிற ட்ரையரோ அடைத்திருக்கிறது. லோ சைடு உயர்ந்து, ஹை சைடு தாழ்ந்து, இரண்டு முள்ளும் ஒன்றையொன்று நெருங்கி நின்று, ஆக்ஸிலேட்டர் கொடுத்தும் விலகவில்லை என்றால் மட்டும் கம்ப்ரஸரைச் சந்தேகியுங்கள். உங்களிடம் கம்ப்ரஸர் மாற்றச் சொன்னவர் இந்த அளவுகளைக் காட்டினாரா? காட்டவில்லை என்றால் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

உங்கள் வண்டிக்கு இல்லாத, ஆனால் அடிக்கடி கேட்கப்படுகிற சில குறைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காற்றே குறைவாக வருகிறது, வருவது குளிராக இருக்கிறது என்றால் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிற ஏசி ஃபில்டரைப் பாருங்கள். ஒரு மணி நேரம் நன்றாக ஓடிய பின் காற்று குறைந்து, ஏசியை நிறுத்திக் கொஞ்சம் கழித்துப் போட்டால் சரியாகிறது என்றால் கூலிங் காயில் உறைகிறது. காரணம் ஃபில்டர், அல்லது காயிலின் குளிரை அளக்கிற தெர்மிஸ்டர். கேஜ் அளவு எல்லாம் சரி, குழாய் வேர்க்கிறது, ஆனாலும் உள்ளே சூடு என்றால் டேஷ்போர்டுக்குள் ஹீட்டர் காற்றை அடைக்கிற கதவு முழுக்க மூடவில்லை. கம்ப்ரஸர் கிளட்ச் (கம்ப்ரஸரைப் பெல்ட் புல்லியோடு சேர்க்கிற காந்தத் தகடு) இழுக்கவே இல்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, ஒயர். வயலுக்குப் பக்கத்தில் நிறுத்துகிற வண்டிகளில் எலி கடித்த ஒயரை முதலில் தேடுங்கள்.

கிளட்ச் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல கம்ப்ரஸர்கள் பல இதனால் குப்பைக்குப் போகின்றன. குறை இப்படித் தெரியும்: காலையில் குளிரும், அரை மணி நேரம் ஓடி எஞ்சின் அறை சூடானதும் கம்ப்ரஸர் நின்றுவிடும், ஆறவிட்டால் மறுபடி ஓடும். கிளட்ச் தகட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இருக்கிற இடைவெளி பெரும்பாலும் 0.3-லிருந்து 0.6 மில்லிமீட்டர். வருஷக்கணக்கில் தேய்ந்து அது ஒரு மில்லிமீட்டரை நெருங்கினால், சூடான கிளட்ச் காயிலின் காந்தத்துக்குத் தகட்டை இழுக்கும் வலு இருக்காது. கம்ப்ரஸர் நின்ற நேரத்தில் கிளட்ச் சாக்கெட்டில் 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். கரண்ட் வருகிறது, தகடு ஒட்டவில்லை என்றால் எஞ்சினை அணைத்துவிட்டு ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்து இடைவெளியை அளக்க வேண்டும். தகட்டின் நடு போல்ட்டைக் கழற்றி உள்ளே இருக்கிற மெல்லிய வாஷரில் ஒன்றை எடுத்தால் கம்ப்ரஸர் மறுபடி பல வருஷம் உழைக்கும். புதிய மாடல் சிலவற்றில் கிளட்ச் கிடையாது, புல்லி எப்போதும் சுற்றும்; அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

கம்ப்ரஸர் உண்மையாகவே போயிருந்தால் அதற்கும் அடையாளம் உண்டு. குழாயைக் கழற்றி வாயில் வெள்ளைத் துணியால் துடைத்தால் கருப்பு மையோடு வெள்ளித் தூள் மினுங்கும். அப்படி இருந்தால் கம்ப்ரஸரை மட்டும் மாற்றிப் பயனில்லை. இப்போதைய கண்டென்சர் குழாய்கள் மிக நுண்ணியவை, அந்தத் தூளைக் கழுவி எடுக்க முடியாது. கண்டென்சர், ட்ரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு எல்லாம் சேர்த்து மாற்றாவிட்டால், பழைய தூளே புதுக் கம்ப்ரஸரைத் தின்னும். துணியில் தெளிந்த எண்ணெய் மட்டும் வந்தால் உங்கள் கம்ப்ரஸருக்கு ஆயுள் இருக்கிறது.

கண்டென்சர்தான் என்று முடிவானால் வேலை இப்படி நடக்க வேண்டும். புதுக் கண்டென்சர், கூடவே புது ட்ரையர். உங்கள் மாடலில் ட்ரையர் கண்டென்சரோடு ஒட்டியே வரலாம். இணைப்புகளில் ஆர்-134ஏ-வுக்கான புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கம்ப்ரஸருக்குச் சொன்ன ஆயிலில் நனைத்துப் போட வேண்டும். பழைய கண்டென்சரோடு போன ஆயிலுக்கு ஈடாக 20, 30 மில்லி அதே தரத்து ஆயில் சேர்க்க வேண்டும். ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், அந்தக் கம்ப்ரஸருக்கு ஆயிலே வேறு. உயர் மின்னழுத்தம் ஓடுகிற ஆரஞ்சு கேபிளைக் கையாளத் தெரிந்தவரிடம் மட்டும் போங்கள்.

பிறகு வாக்கம். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பம்ப் ஓட வேண்டும். காற்றை எடுப்பதோடு உள்ளே இருக்கிற ஈரம் அந்த வெற்றிடத்தில் கொதித்து ஆவியாகி வெளியேற வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும், நாளாவட்டத்தில் அமிலமாகி உள்ளே அரிக்கும். பம்பை நிறுத்தி வால்வை மூடிக் கால் மணி நேரம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அசையாமல் நின்றாலும் நைட்ரஜன் சோதனைக்கு அது ஈடாகாது. வாக்கத்தில் மூடிக்கொள்கிற ஓட்டை 200 பி.எஸ்.ஐயில் திறந்துகொள்ளும்.

கேஸ் எடை போட்டு ஏற வேண்டும். போனட்டுக்கு அடியிலோ ரேடியேட்டர் சட்டத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று இருக்கும். சின்ன கார்களில் பெரும்பாலும் 350-லிருந்து 500-க்குள் வரும். இவ்வளவு சின்ன அளவில் 50 கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிரில் தெரியும். சிலிண்டரைத் தராசில் வைக்காமல் கையால் தூக்கிப் பார்த்தும் குழாயைத் தொட்டுப் பார்த்தும் அடிக்கிற கடையை விட்டுவிடுங்கள்.

கேஸ் எது என்பதிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். மலிவாகக் கிடைக்கிறது, நன்றாகக் குளிர்கிறது என்று எல்பிஜி வகைக் கேஸை அடிக்கிற பழக்கம் இருக்கிறது. கூலிங் காயில் உங்கள் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிற அதே அறைக்குள் இருக்கிறது. அங்கே கசிந்து ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெயர் தெரியாத டின்களில் மெத்தில் குளோரைடு கலந்து வருவதும் உண்டு. அது அலுமினியத்தோடு வினைபுரியும். 2011-ல் கப்பல் குளிர்பதனக் கன்டெய்னர்களில் இந்தக் கலப்படம் வெடித்து வியட்நாமிலும் பிரேசிலிலும் ஆட்கள் இறந்தார்கள். ஓட்டையை அடைக்கும் மருந்து என்று ஊற்றுவதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். எக்ஸ்பான்ஷன் வால்வையும் கடைக்காரரின் மெஷினையும் சேர்த்து அடைத்துவிடும். பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடக் கூடாது. ஒரு கிலோ ஆர்-134ஏ, நூறு வருஷக் கணக்கில், 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். எடுத்துச் சேமிக்கிற மெஷின் உள்ள கடைக்கே போங்கள்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, மத்தியானத்தில், உள்காற்றில், ஐடிலில் பத்து நிமிஷம் ஓடவிட்டு நடு வென்ட்டில் தெர்மாமீட்டர் வையுங்கள். வெளியே 38 என்றால் நின்ற நிலையில் 10, 12 டிகிரி வந்தால் நல்ல வேலை. நான்குவழிச் சாலையில் 6, 7-க்கு இறங்கும். முதலில் அந்தத் தண்ணீர்ச் சோதனையையும் காகிதச் சோதனையையும் செய்து, 1,500 ஆர்பிஎம்மில் இரண்டு கேஜும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். கம்ப்ரஸரா இல்லையா என்பதை அதை வைத்துச் சொல்லிவிடலாம்.